வாரியம் அனுமதித்த தென்றல்

எங்கள் தீவில் என்னைவிடப் பயந்த ஆள் ஒருவர் இருந்தால் காட்டுங்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நாயைக் கண்டால் பயம். மேலதிகாரியைக் கண்டால் பயம். மேலதிகாரி பேசாமல் இருந்தால் இன்னும் பயம். அப்படிப்பட்ட எவரல்ட் டல்லக் என்கிற என்னைத்தான் தேச ஈர்ப்பு வாரியம் தேடிப் பிடித்து நாட்டின் பாதுகாப்பாக நியமித்தது.

நான் ராணுவத்தில் இல்லை. மாண்டேகோ பே வரியில்லா வளாகத்தில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, குளிர்நாட்டுக்காரர்களின் பயணக் காப்பீட்டு அழைப்புகளை எடுக்கிறவன். உல்லாசப் பயணம் தடைப்பட்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூப்பிடுவார்கள். நான் ஆறுதல் சொல்லி, காரணத்தைப் பதிந்து, மேலே தள்ளிவிடுவேன். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால் மட்டும் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது. "உங்களுக்குப் பக்கத்தில்தான்" என்று சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் அலுவலக வேலைகளையெல்லாம் எந்த நாட்டின் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பல நாடுகள் வரிசையில் நின்றன. பெண் பார்க்க வருகிற அன்று சுவர் வெடிப்பின் மேல் காலண்டரை மாட்டி மறைப்பார்களே, அந்தக் காலண்டர் மாட்டுகிற வேலைக்கென்றே எங்கள் அரசு வைத்திருக்கிற அலுவலகம்தான் தேச ஈர்ப்பு வாரியம். அதன் தலைவர் லாசல்ஸ் பாட்டிங்கர் ஒருநாள் எங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, பாட்டி கையால் சுட்டது போல மணக்கிற இறைச்சி பன்களை எங்களுக்கு முன்னால் அடுக்கி, அவற்றைத் தொடவிடாமல் பேசினார்.

"ஒரு நாடு எதனால கவர்ச்சியா இருக்குன்னு நினைக்கிறீங்க? கடலா? கடல் எல்லார்கிட்டயும் இருக்கு. நம்ம கூலி கம்மி. அதை நாம கம்மின்னு சொல்றதில்லை, போட்டித்திறன்னு சொல்றோம். என் சம்பளத்துல போட்டித்திறன் கிடையாது, ஏன்னா அதை வெளிநாட்டுக்காரங்க பார்க்கப் போறதில்லை. நம்ம பிள்ளைங்களுக்கு வேற வேலை இல்லை. நீங்க சொன்னா அது வறுமை. வாரியம் சொன்னா அது மனிதவளம். வரி கேக்க மாட்டோம், சங்கம் வைக்க மாட்டோம், அவங்க தூங்குற நேரத்துல நாமளும் தூங்குவோம். இவ்வளவு நல்ல குணம் இருக்கிற நாடு வேற எங்க இருக்கு?"

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே எங்கள்மேல் ஆசை வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு ஈர்ப்பு அம்சத்துக்கும் எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மார்பில் அதன் பெயர் எழுதிய ஒரு வில்லையைக் குத்தினார்கள். அந்தக் கம்பெனியின் மதிப்பீட்டாளர்கள் வரும்போது அந்த அம்சத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பக்கத்து இருக்கை யனீக் போன மாதம் சம்பள உயர்வு கேட்டவள், அவளுக்குக் 'குறைந்த கூலி' கிடைத்தது. இளைஞர்கள் பாதிப் பேர் வேலையை விட்டுப் போயிருந்ததால், ஐம்பத்துநாலு வயது ஃபெரன் 'இளமை' ஆனார். என் முன்னால் வந்து நின்ற பாட்டிங்கர் என்னையே உற்றுப் பார்த்தார். எனக்குப் பயத்தில் முகம் உறைந்துபோய், இமைகூட அசையவில்லை.

"இந்த முகத்தைப் பாருங்க," என்றார் மேற்பார்வையாளர் கார்லீனிடம். "ஒரு சலனம் இருக்கா? இதுதான் அமைதி. இவர்தான் நம்ம பாதுகாப்பு." வில்லையைக் குத்தும்போது ஊசி தோலில் ஏறியது. அப்போதும் நான் அசையவில்லை, அவர் இன்னும் மகிழ்ந்துபோனார்.

வீட்டில் என் மனைவி ஷெர்னெட் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், வயிற்றுப் பிள்ளை இப்போதே வந்துவிடுமோ என்று எனக்கு உதறல் எடுத்தது. அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. எங்கள் வீடு லில்லி ஓடைக்கரையில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கிற ஒன்று. தலைச்சன் பிள்ளை. ஏற்கெனவே இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால் அவள் இருமினாலும் எனக்குத் தூக்கம் வராது.

மதிப்பீடு வைத்திருந்த வாரத்தில்தான் ரேடியோ புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. ஊரே டின் இறைச்சியும் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கடைகளில் முட்டி மோதியது. வாரியத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இந்த நாட்டில் பெரும் புயல் வீசுவதில்லை என்று வாரியத்தின் வழவழப்பான வண்ணப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம். ஆகவே அச்சுக்கு முரணாக யாரும் பேசக் கூடாது. நெருங்கி வருவதை 'தென்றல்' என்று குறிப்பிடலாம். மறுநாள் ரேடியோ இன்னும் கடுமையாகச் சொன்னதும், வாரியம் பெருந்தன்மையோடு 'உற்சாகமான தென்றல்' வரை அனுமதித்தது.

மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து தங்கியிருந்தார்கள். புயல் வருகிற இடத்தில் ஊழியர்கள் தங்கக் கூடாது என்பது அவர்கள் கம்பெனி விதி. எனவே புயலுக்கு முந்தின நாளே விமானம் ஏறிவிட்டார்கள், மீதியைத் திரையில் பார்த்துக்கொள்வார்களாம். நம்மீது அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டதால் பக்கத்தில் இருந்து பார்க்கவே தேவையில்லை என்று கிளம்பிவிட்டார்கள் என வாரியம் எங்களுக்கு விளக்கியது.

அன்று காலை வானம் பித்தளை நிறத்தில் இருந்தது. நான் கூரையைக் கயிற்றால் கட்டிவிட்டு, போகவில்லை என்றேன். ஷெர்னெட்தான் பிடித்துத் தள்ளினாள். இன்றைக்கு வராதவன் இனி வரவே வேண்டாம் என்று கார்லீன் சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும். காற்று ஏறுவதற்குள் ஓடிவந்து, புயலுக்கு எல்லாரும் ஒதுங்குகிற மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போய்விடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். ஓடைப் பாலத்தைத் தனியாகக் கடக்க அவளால் முடியாது. "நீ வர்ற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்," என்றாள். அந்த ஒரு வார்த்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டுதான் நான் போனேன்.

எங்கள் தளத்துக்குள் சொந்த ஃபோன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பூட்டி வைத்துவிடுவார்கள். கதவு அட்டையைக் காட்டினால் திறக்கும். ஆனால் இருக்கையை விட்டு ஏன் எழுகிறோம் என்பதைக் கணினியில் தட்டி, அது ஏற்றுக்கொண்டால்தான் அட்டைக்கு உயிர் வரும். கழிவறை, சாப்பாடு, பயிற்சி, கண்டனம் வாங்கப் போதல், இவ்வளவுதான் அதற்குத் தெரிந்த காரணங்கள். அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் வெயிலடிக்கும் கடற்கரைப் படங்களை ஒட்டியிருந்தார்கள். காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க, ஹோட்டல்களில் வாசிக்கும் பாஞ்சோக் குழு ஒன்றை மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களும் பாவம், வீட்டை நினைத்துக்கொண்டே கலகலப்பாக வாசித்தார்கள்.

அழைப்புகள் குவிந்தன. எல்லாமே எங்கள் தீவுக்கு வரவிருந்தவர்கள், புயலுக்குப் பயந்து வராமல் நின்றவர்கள். உத்தரவுப்படி நாங்கள் அவர்களுடைய பயத்தைப் பதிந்துகொள்ளலாம், எங்களுடையதைக் காட்டக் கூடாது. வெளியே என்ன நடக்கிறது என்பது கடல் தாண்டி உட்கார்ந்து டிவி பார்க்கிறவர்கள் வாயால்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு கிழவி பேசினாள். "தம்பி, டிவில காட்றாங்க பாரு. அந்த மாண்டேகோ பே பக்கமாத்தான் நேரா போகுதாம். ஓடைக்கரையில இருக்கிறவங்கல்லாம் உடனே கிளம்பணுமாம். நான் அங்க வராம இருக்கறது தப்பா?"

"உங்கள் முடிவு மிகச் சரியானது, அம்மா. உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்," என்று எழுதிக்கொடுத்ததைப் படித்தேன்.

"அங்க இருக்கிறதுங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. அறிவுள்ளவன் எவனும் இந்நேரம் அங்க இருப்பானா? நீ எங்க இருக்கே?"

"உங்களுக்குப் பக்கத்தில்தான், அம்மா."

"நல்லவேளை," என்றாள். அவள் வைத்ததும் என் கை தானாக ஹெட்செட்டைக் கழற்றியது.

கார்லீனிடம் போனேன். ஷெர்னெட்டின் நிலைமையைச் சொல்லி, ஒரே ஓட்டமாகப் போய் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கார்லீன் கெட்டவள் இல்லை. அவளுக்கும் மலையடிவாரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள்.

"எந்தக் காரணத்தைப் போட்டு உங்களை விட, மிஸ்டர் எவரல்ட்? காத்துக்குன்னு ஒரு காரணமே இல்லையே. அப்படி ஒண்ணைச் சேர்த்தா, காத்து அடிச்சுதுன்னு கணக்குல ஏறிடும்ல? பாதுகாப்பே எழுந்து ஓடினா திரையில என்ன தெரியும்? உட்காருங்க. நானும் உட்கார்ந்துதானே இருக்கேன்."

கழிவறை என்று தட்டிப் பார்த்தேன். கதவு திறந்தது, ஆனால் கழிவறைக் கதவுதான். அங்கே ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். எதிரே நின்ற தென்னைகள் தலையைத் தரையில் முட்டிக்கொண்டிருந்தன. யாருடைய தகரக் கூரையோ ஒன்று தெருவை மெதுவாகக் குறுக்கே கடந்து போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பார்த்தது பேயில்லை, தகரம்தான். எங்கள் கூரை பச்சை, இது சிவப்பு என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது பெரிய திரையில் மதிப்பீட்டாளர் அம்மாள் தெரிந்தாள். பின்னால் அவளுடைய ஜன்னலில் அசல் வெயில். பாட்டிங்கர் வெள்ளைக் கோட்டில் நின்று, கூலி, வரி, இளமை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஃபெரன் தன் இளமையைக் காட்ட எழுந்து நின்றார், மூட்டு வலியில் அப்படியே உட்கார்ந்தார். வெளியே ரயில் ஏறி வருவதுபோல ஓர் இரைச்சல். கூரைப் பலகை ஒன்று பிய்ந்து பாஞ்சோக்காரர் காலடியில் விழுந்தது. அவர் தாளம் தப்பாமல் காலை நகர்த்திக்கொண்டார்.

அங்கே காற்று அடிக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டாள். தென்றல் என்றார் பாட்டிங்கர். அவள் தலையைச் சாய்த்து, அந்தப் பாதுகாப்பு வில்லை அணிந்திருப்பவரிடம் பேச வேண்டும் என்றாள். என்னைக் கேமராவுக்கு முன்னால் தள்ளினார்கள். திரையில் என் முகம் கதவு அகலத்துக்குத் தெரிந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே வரி, "இங்கே நாங்கள் முழுப் பாதுகாப்புடன் இருக்கிறோம்." வாயைத் திறந்தேன், அந்த வரி வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, மேடம்," என்றேன். "என் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஓடைக்கரையில தனியா இருக்கா. நான் வர்ற வரைக்கும் நகர மாட்டேன்னு சொல்லியிருக்கா. நான் வீட்டுக்குப் போகணும்."

பாஞ்சோ நின்றது. பாட்டிங்கரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்தது. அந்த அம்மாள் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏன் நீங்க போகலை?"

"போனா வேலை போயிடும், மேடம்."

"கூரை பிய்யுதே. அங்க எத்தனை பேர் இன்னும் அழைப்பு எடுத்துக்கிட்டிருக்காங்க?"

"எல்லாருமே எடுக்கிறாங்க, மேடம்."

அவள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. "மிஸ்டர் பாட்டிங்கர், கூலி எல்லா நாட்டுலயும் கம்மிதான். வரியை எல்லாரும்தான் தள்ளுபடி பண்றாங்க. எங்களுக்கு வேண்டியது இதுதான். கூரை போனாலும் ஹெட்செட்டைக் கழட்டாத ஜனங்க. இதுக்கு எங்க பாஷையில ஒட்டும் தன்மைன்னு பேரு. இதை ஏன் உங்க புத்தகத்துல போடாம விட்டீங்க?"

பாட்டிங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்கத்தின் காரணமாகத்தான் போடவில்லை என்றார். நாங்கள் இந்தக் குணத்தைப் பல தலைமுறைகளாகப் பாடுபட்டு வளர்த்து வருகிறோம், தோட்ட முதலாளிகள் காலத்திலிருந்தே இதில் எங்களுக்கு அனுபவம் உண்டு என்றார். தான் பெருமையாகச் சொன்னது அடிமைக் காலத்தை என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் தோளில் நல்ல வாசனை அடித்தது.

"அப்ப நான் போகலாமா, சார்?"

"உங்களையா? நாட்டோட ஈர்ப்பே நீங்கதானே, உங்களைப் போய் விடுவேனா?" என்று என்னை இருக்கையில் உட்கார வைத்துத் தோளை அமுக்கினார்.

அப்போதுதான் திரை அணைந்தது. விளக்குகள் அணைந்தன. ஜெனரேட்டர் ஒருமுறை செருமிவிட்டு ஓய்ந்தது. மின்சாரம் போனதும் கதவுப் பூட்டுகள் எல்லாம் டொக் என்று விட்டுக்கொடுத்தன. பெரிய கதவு தானாகத் திறந்து, காற்றில் ஆடி ஆடிச் சுவரில் மோதியது. எங்களுக்கும் வெளிவாசலுக்கும் நடுவே எதுவுமே இல்லை. பாட்டிங்கர் மேஜைக்கடியில் போய்விட்டார். நாங்கள் யாரும் எழவில்லை. செத்த ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். "ஒருவேளை லைன் வந்துடலாம்," என்று கார்லீன் முணுமுணுத்தது கேட்டது. புயலைக்கூட நான் ஒரு மாதிரியாகத் தாங்கிக்கொண்டேன். திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைத்தான் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பிறகு காற்று சட்டென்று நின்றது. ஒட்டியிருந்த வெயில் படங்களின் ஓரத்தில் உண்மையான வெளிச்சம் கசிந்தது. யனீக் என் பக்கம் திரும்பினாள்.

"புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல வந்துடுச்சு. கொஞ்ச நேரம்தான் இருக்கும், அப்புறம் மறுபக்கத்துல இருந்து அடிக்கும். போறதா இருந்தா இப்பவே போ."

"வேலை?"

"அடப்பாவி," என்று சொல்லி, என் காதிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அதன் பிறகுதான் என் கால்கள் என் பேச்சைக் கேட்டன.

ஓடினேன். வழியெல்லாம் கம்பிகளும் மரங்களும். ஓடைப் பாலத்தின்மேல் முழங்காலளவு செந்நீர் போனது. ஒரு குளிர்பதனப் பெட்டி மிதந்து வந்து, வழிவிட்டுக் காத்திருப்பதுபோலத் தூணில் தட்டி நின்றது. பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டை அடைந்தேன். தரை இருந்தது. அடுப்பு இருந்தது. சுவரும் கூரையும் இல்லை. ஷெர்னெட் என்று கத்தினேன். எனக்கு என் குரலே அந்நியமாக இருந்தது. அவள் சொன்ன சொல் தவறாதவள் என்பதுதான் என்னை அப்போது கொன்றது.

மேட்டிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். கூரை போன பிறகும் நகர மாட்டேன் என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளை, அக்கம்பக்கத்தார் கதவுப் பலகையில் படுக்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வகுப்பறைக்குள் ஓடைக்கரை முழுவதும் இருந்தது. கரும்பலகைக்குக் கீழே, இரண்டு மேஜைகளுக்கு நடுவில் ஷெர்னெட் படுத்திருந்தாள். நான் அவள் வயிற்றில் கையை வைத்தேன். உள்ளே உதைத்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். அவள் அழவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆபீஸ்ல கேட்டுட்டு வந்தியா?"

"இல்லை. கதவு திறந்திருந்தது. வந்துட்டேன்."

"அப்ப வேலை போச்சு," என்று கையை எடுத்துக்கொண்டாள். அதற்குள் காற்று மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. தலைக்குமேல் தகரம் துடிக்க ஆரம்பித்தது, ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆட்கள் வேதாகமத்துச் சங்கீதம் சொல்லிப் பிரார்த்தித்தார்கள். ஷெர்னெட்டின் உதடுகளும் அசைந்தன. அவளும் ஜபிக்கிறாள் என்று நினைத்து, சேர்ந்து சொல்வதற்காகக் குனிந்து காதை வைத்தேன்.

"பொண்டாட்டி செத்தா லீவு உண்டுதானே உங்க கம்பெனியில?" என்று கேட்டாள்.

"என்ன பேச்சு இது?"

"உண்டா இல்லையா?"

"உண்டு. மூணு நாள்."

"அப்ப நான் செத்துட்டேன்னு சொல்லு. சேதி வந்துது, அதான் ஓடிட்டேன்னு சொல்லு. சர்டிபிகேட் கேட்டா, கொடுக்கிற ஆபீஸே அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"ஷெர்னெட், பிள்ளை வரப் போற நேரத்துல..."

"பிள்ளை வரப் போறதாலதான் சொல்றேன். நாளைக்குப் போய் நீ உளறுவே. இப்பவே ஒருதரம் சொல்லிப் பாரு."

கூரையின் ஒரு மூலை எழுந்து வானம் தெரிந்தது. மழை உள்ளே சரிந்தது. அவளை என் உடம்பால் மூடிக்கொண்டு, அவள் காதில், "மிஸ் கார்லீன், என் பொண்டாட்டி செத்துட்டா," என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துபோயிற்று.

"இப்படியே சொல்லு," என்றாள் ஷெர்னெட். "நம்பிடுவாங்க."